நீலப் புகை நின்ற பிறகு

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமா எழுதிக்கொள்வது.

கப்பலில் வேலை சரியாகப் போகிறதா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, உப்புக் காற்றில் இருமல் கிருமல் வந்துவிடவில்லையே என்று அத்தை கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ‘எல்லோரும்’ என்று எழுதியவுடன் பேனா நின்றுவிட்டது. இந்த வீட்டில் இப்போது எத்தனை பேர் இருக்கிறோம் என்பதில் எனக்கும் அத்தைக்கும் கருத்து வேறுபாடு. ஆகவே நானும், அத்தையும், உங்கள் மனைவியாகிய என் மகளும் நலம் என்று மட்டும் எழுதி, மேலே போகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் “மாமா கேக்குதா, மாமா கேக்குதா” என்று கேட்டு முடிப்பதற்குள் லைன் போய்விடுகிறது. அது மட்டும் காரணம் என்று சொன்னால் பொய். இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கேட்டுவிடும். கடிதத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்குத் தெரியப்போவதில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். நான் வேலைக்காலம் முழுவதும் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவன். ஆளே இல்லாமல் தானாக மேலே போகிறது, கீழே வருகிறது, நடுவில் நின்று கதவைத் திறக்கிறது என்று எத்தனையோ லிஃப்ட்டுகளைப் பற்றிப் புகார் வந்து, போய்ப் பார்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு தேய்ந்த ரிலேயையோ ஓர் எலியையோ கண்டுபிடித்துக் காட்டியவன். அப்படிப்பட்டவன் எழுதுகிறேன்.

நீங்கள் ஒப்படைத்துப் போன பொறுப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் பழைய காரை எங்கள் போர்ட்டிகோவில் பிரித்துப் போட்டு, மழைக்காலம் முழுக்க அத்தையின் துணி காயப்போடும் இடத்தை ஆக்கிரமித்து, பிஸ்டன் ரிங் புதிது, பேரிங் புதிது என்று எஞ்சினைத் திரும்பக் கட்டினீர்கள். வால்வு சீல் மட்டும் பார்சலில் வந்துசேராததால் பழையதையே போட்டு, எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டை மூடிவிட்டுக் கப்பலேறினீர்கள். ஏறும்போது என்னிடம் சொன்னது எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. “மாமா, தெனமும் காலைல ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் ஓட விடுங்க. மொதல்ல நீலமாப் புகை வரும், பயந்துடாதீங்க. ராத்திரி பூரா ஹெட்ல நிக்கிற ஆயில், பழைய சீல் வழியாக் கசிஞ்சு வால்வுத் தண்டோட உள்ள எறங்கிடும். அது எரியற புகைதான். சீல் வந்ததும் மெக்கானிக் மைக்ரானைக் கூப்பிட்டு மாத்திடுங்க. அப்புறம் ஒரு பொட்டுப் புகை வராது.” அத்தனையும் உண்மை, மாப்பிள்ளை. நீங்கள் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். இந்த வண்டியை யாரிடமிருந்து வாங்கினீர்கள் என்பது.

முதல் நாள் காலையில் சாவியைப் போட்டுத் திருப்பினேன். இருமிக்கொண்டு பிடித்தது. பின்னால் குழாயிலிருந்து ஒரு கொத்துப் புகை வெளியே வந்தது. சமையலறைப் புகை போலக் கலைந்து பரவவில்லை. திரண்டு, நிமிர்ந்து, ஓர் ஆள் உயரத்துக்கு நின்றது. பிறகு வண்டியின் ஓரமாகவே போய், திறந்திருந்த கேட்டைத் தாண்டி, தெருவில் இடது பக்கம் திரும்பியது. எண்ணெய் எரிந்த வாடையோடு கூட ஷேவிங் சோப்பு வாசனையும் வந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று காலையில் நானே சவரம் செய்திருந்தேன். அடுத்த நாள் செய்யவில்லை. அன்றும் வந்தது. காற்று அந்தப் பக்கம் வீசுகிறது போல என்று நினைத்து, ஒரு குச்சியில் என் கைக்குட்டையைக் கட்டி கேட்டில் செருகிவைத்துச் சோதித்தேன். கைக்குட்டை வலது பக்கம் படபடத்தது. புகை இடது பக்கம் போனது. கைக்குட்டையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் உள்ளே போய்க் காபி கேட்டேன்.

தெருவில் ஓர் அம்மாள் நிற்பதை அத்தைதான் முதலில் கவனித்தாள். வயதானவர், இஸ்திரி கலையாத உடை, தலைமுடி ஒன்றுகூடப் பிசிறாமல் வாரியிருப்பார். நான் வண்டியை ஸ்டார்ட் செய்யும் நேரத்துக்குச் சரியாக வந்து கேட்டுக்கு வெளியே நிற்பார். புகை கேட்டைத் தாண்டும்போது கையைத் தூக்கி டாட்டா காட்டுவார். எனக்கு இல்லை. புகைக்கு. அது திரும்பி மறைந்ததும் கையைக் கீழே போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வீட்டுவேலையைப் பார்க்கப் போகிறவர் மாதிரி போய்விடுவார். பெயர் தெரியாததால் நாங்கள் கேட்டம்மா என்று சொல்லிக்கொண்டோம். அத்தைக்கு விஷயம் தெரியாவிட்டால் தலை வெடித்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் போய்ப் பிடித்துக்கொண்டாள்.

“என்னம்மா, தெனமும் வந்து நிக்கிறீங்களே, யாரையாவது தேடறீங்களா?”

“தேடலைம்மா. அவர் கெளம்பறதைப் பாத்துட்டுப் போறேன்.”

“யாரு, எங்க வீட்டுக்காரரா? அவர் எங்கயும் கெளம்பலையே. ரிட்டயர் ஆயிட்டாரு.”

“உங்க வீட்டுக்காரர் இல்லம்மா. எங்க வீட்டுக்காரர்.”

அதன்பிறகுதான் தெரியவந்தது. உங்கள் வண்டியின் பழைய சொந்தக்காரர் இந்த அம்மாளின் கணவர். சுருக்கெழுத்து வாத்தியார். நெட்டையான மனிதர், அதிகம் பேசமாட்டாராம். சுருக்கெழுத்துக்காரர் பேச்சையும் சுருக்கிவிட்டார் என்று அந்த அம்மாளே சொல்லிச் சிரித்தார். தினமும் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்வார், நீலப் புகை வரும், அது கலையும்வரை காத்திருப்பார், கலைந்ததும் கிளம்பிப் போவார். இவர் வாசலில் நின்று கையாட்டுவார். “ஒரு நாள் புகை கலைஞ்சுது. வண்டி கெளம்பலை” என்றார் கேட்டம்மா. “நான் பாட்டுக்குக் கையாட்டிட்டே நிக்கிறேன். எஞ்சின் ஓடிட்டே இருக்கு. ரொம்ப நேரம் ஓடிச்சு.”

மாப்பிள்ளை, ஒரு மனிதர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உயிரை விட்ட வண்டியை நீங்கள் வாங்குவது உங்கள் இஷ்டம். அந்த சீட்டில் தினமும் காலையில் போய் உட்காருகிறவனுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து. இதற்கு மேல் இதைப் பற்றி எழுதவேண்டாம் என்று உங்கள் மனைவி பக்கத்தில் நின்று சொல்கிறாள். அவளுக்கும் தெரியுமாம். இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் எதுவும் தெரியாமல் இருந்திருக்கிறது.

இதற்கிடையில் பார்சல் வந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் தையல்காரர் விரலில் மாட்டும் கவசத்தைவிடச் சின்னதாக ரப்பர் தொப்பிகள். இவ்வளவு பெரிய வண்டியின் மானம் இந்தத் தொப்பிகளில் இருக்கிறதா என்று எனக்கு ஆச்சரியம். மைக்ரானுக்குச் சொல்லியனுப்புவதற்கு முன், கேட்டம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று அத்தை பிடிவாதமாக நின்றாள். ரப்பர் மாற்றுவதற்கு யாரிடம் அனுமதி கேட்பது என்று நான் கத்தினேன். கத்திவிட்டு நானே போய்ச் சொன்னேன்.

“அம்மா, எஞ்சின்ல ஒரு சின்ன வேலை. அதுக்கப்புறம் புகை வராது.”

“வராதா?”

“வராதும்மா. சீல் மாத்தறோம்.”

அவர் வண்டியைப் பார்த்தார். “அப்ப அவர் எப்படிப் போவார்?” என்று கேட்டார். நான் கேட்டின் தாழ்ப்பாளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். என் நிலைமையைப் பார்த்து அவரே, “சரி சார். வண்டி உங்களோடது” என்று சொல்லிவிட்டுப் போனார். லிஃப்ட் அறுந்து விழுந்த இடத்துக்குப் போயிருக்கிறேன், மந்திரி மாட்டிக்கொண்ட லிஃப்ட்டுக்குப் போயிருக்கிறேன். அந்தக் காலையில் நின்ற மாதிரி எங்கும் நின்றதில்லை.

மைக்ரான் வந்தார். அவருக்கு அந்தப் பெயரை வாங்கித் தந்த பெருமைதான் உங்களுக்குத் தெரியுமே. “நம்ம கை பட்டா ஒரு மைக்ரான்கூடப் பிசகாது சார்” என்று சொல்லிக்கொண்டே ஹெட்டைக் கழற்றினார். சொல்லிக்கொண்டே அதைக் கொண்டுபோய் அத்தை துணி தேய்க்கும் மேஜைமேல், விரிப்புகூட இல்லாமல் வைத்தார். அத்தை பார்த்த பார்வையில் ஹெட் தானாக இறங்கித் தரைக்கு வந்திருக்க வேண்டும். ஒரு கிடுக்கியை மாட்டி ஸ்பிரிங்கை அமுக்கினார். அமுக்கியதும், வால்வுத் தண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் லாக் வெளியே வருகிறது. அரை நிலா மாதிரி இரண்டு துணுக்குகள். விரல்நுனியில் வைத்தால் வியர்வைக்கே ஒட்டிக்கொள்ளும் அளவு. அவற்றை எடுத்து, ஸ்பிரிங்கை எடுத்து, பழைய சீலைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். கருவாடு போலக் காய்ந்திருந்தது. அழுத்தினால் பொடிந்தது. “இதைப் போட்டா புகை வராம என்ன பண்ணும், சார்?” என்றார். எனக்கு மனசு லேசானது. பார்த்தாயா, ரப்பர் காய்ந்திருக்கிறது, எண்ணெய் கசிந்திருக்கிறது, புகை வந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, “ஷேவிங் சோப்பு” என்றாள்.

பார்சலோடு ஒரு துண்டுத்தாளும், ஒரு பிளாஸ்டிக் உறையும் வந்திருந்தன. உறையைத் தண்டின் நுனியில் மாட்டிவிட்டுத்தான் புது சீலை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் லாக் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு ரப்பரின் உதட்டைக் கிழித்துவிடும் என்று போட்டிருந்தது. நான் உரக்கப் படித்தேன். மைக்ரான், “அதெல்லாம் புதுசாத் தொழில் கத்துக்கிறவங்களுக்கு சார்” என்று சொல்லி, உறை இல்லாமல் அழுத்தினார். கிழிந்தது. அவர் கிழிசலைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. நல்லவேளை, முன்யோசனையோடு நீங்கள் கூடுதலாக வாங்கியிருந்தீர்கள். அதன்பிறகு உறையை மாட்டி, எண்ணெய் தடவி, சீலை மெதுவாக வழுக்கி இறக்கி, அடிவரை போனதும் ஸ்பேனரில் மாட்டும் குழல் போன்ற சாக்கெட்டை மேலே வைத்துப் பட்டும் படாமலும் தட்டினார். ‘டொக்’ என்று சத்தம் மாறும்போது உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். உறையை எடுத்துவிட்டு ஸ்பிரிங்கை வைத்து அமுக்கி, லாக்கைத் திரும்பப் போட்டார். இன்லெட் வால்வு சீலுக்கு ஒரு நிறம், எக்ஸாஸ்ட் வால்வு சீலுக்கு வேறு நிறம். எடுத்துக்கொடுத்தவள் உங்கள் மனைவி. ஒன்றுகூட மாற்றிக் கொடுக்கவில்லை.

கடைசிக்கு முந்தின வால்வில் கிடுக்கி நழுவியது. லாக் துணுக்குகள் இரண்டும் விசிறியடித்துப் பறந்தன. அத்தை தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். போர்ட்டிகோ முழுக்கக் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்தோம். ஒன்று அத்தையின் கொண்டையிலேயே செருகியிருந்தது. காந்தம் பக்கத்தில் போனதும் கொண்டையோடு சேர்த்து இழுத்தது. இன்னொன்றைக் காணோம். பூந்தொட்டி, சாக்கடை மூடி, மைக்ரானின் சட்டைப்பை என்று எல்லா இடமும் பார்த்து ஓய்ந்து, இனிமேல் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்று இருந்தபோது, உங்கள் மனைவி கார் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துவிட்டு, “அப்பா, இங்க வாங்க” என்றாள். குரல் அவளுடைய குரல் மாதிரி இல்லை. கண்ணாடி நான்கும் ஏற்றியிருந்தது. கதவு நான்கும் பூட்டியிருந்தது. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து சீட்டின் நடுவில், யாரோ எடுத்து வைத்த மாதிரி, அந்தத் துணுக்கு இருந்தது.

மைக்ரான் சாவி வாங்கிக் கதவைத் திறந்து எடுத்தார். துடைத்தார். போட்டார். அதன்பிறகு வேலை முடியும்வரை தன் பெயரைக் காப்பாற்றும்படியான ஒரு வார்த்தைகூட அவர் பேசவில்லை. ஹெட்டை ஏற்றி, போல்ட்டுகளை முறைப்படி இறுக்கி, வால்வு இடைவெளி வைத்து, டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மறுநாள் காலையில் கேட்டம்மா வழக்கம்போல வந்தார். வரமாட்டார் என்று நினைத்தேன். வந்து, வழக்கமான இடத்தில் நின்று, கையைப் பாதி தூக்கி வைத்துக்கொண்டார். நான் சாவியைத் திருப்பினேன். மாப்பிள்ளை, உங்கள் எஞ்சின் பட்டு மாதிரி பிடித்தது. அத்தையும் மகளும் பின்னால் போய்க் குழாயைப் பார்த்தார்கள். புகை இல்லை. ஒரு நூல்கூட இல்லை. நான் வெற்றிக்களிப்பில் ஹாரன்கூட அடித்தேன். கேட்டம்மா தூக்கிய கையை இறக்கவில்லை. தெருவில் இடது பக்கத்தைப் பார்த்தார். பிறகு வண்டிக்குள் பார்த்தார். என்னை இல்லை. எனக்குக் கொஞ்சம் பக்கத்தில்.

“இன்னும் கெளம்பலையே” என்றார். “உள்ளயே இருக்காரே.”

அவ்வளவு சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் எஞ்சினை அணைத்தேன். அணைத்த பிறகுதான், இடது பக்கம் ஷேவிங் சோப்பு வாசனை என் காதுவரை வந்திருந்ததைக் கவனித்தேன். இறங்குவதற்குக் கதவின் கைப்பிடி கிடைக்கவில்லை. அது எப்போதும் இருக்கும் இடத்தில்தான் இருந்தது.

அன்றிலிருந்து நடந்தவற்றை வரிசையாகச் சொல்ல என்னால் ஆகாது. வந்தபடி சொல்கிறேன். நான் குட்டை என்பதால் சீட்டை முன்னால் தள்ளி வைத்துவிட்டு வருவேன். மறுநாள் அது கடைசிவரை பின்னால் போயிருக்கும். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியை எனக்கு ஏற்ற மாதிரி திருப்பி வைத்தால், மறுநாள் அதில் கூரை தெரியும். நெட்டையான ஆளுக்குத்தான் அது சரியாக இருக்கும். உங்கள் மனைவி விளையாடுகிறாள் என்று நினைத்து அவளைத் திட்டினேன். அவள் அழுதாள். அதன்பிறகு கார் கதவில் செல்லோ டேப் ஒட்டி வைத்தேன். டேப் ஒட்டியபடியே இருந்தது, சீட் பின்னால் போயிருந்தது. பூட்டிய வண்டியின் ஜன்னல் கண்ணாடியில், உள்பக்கமாக, மூச்சுக்காற்றுப் பட்ட மாதிரி ஆவி படிகிறது. துடைத்தால் திரும்பப் படிகிறது. பானெட்டுக்குள்ளிருந்து டிக் டிக் என்று மேஜையில் பென்சிலால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். எஞ்சின் சூடு ஆறும்போது இரும்பு சுருங்கி அப்படிச் சத்தம் வரும், அது எனக்குத் தெரியாததா? ஆனால் ஸ்டார்ட்டே செய்யாத அன்றும் வந்தது. சீராக வந்தது, பிறகு வேகமெடுத்தது. சுருக்கெழுத்து வகுப்பில் பிள்ளைகளுக்கு இப்படித்தான் தட்டி வேகம் ஏற்றுவார்களாம். அத்தை சொன்னாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். “எனக்கென்ன தெரியும், தோணிச்சு” என்றாள். அவள் பயப்படுகிற ஆள் இல்லை. அவள் பயப்படாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. போர்ட்டிகோவைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள். துணி உதறினால் வண்டிப் பக்கம் தண்ணீர் தெறிக்காமல் உதறுகிறாள். ஒரு நாள், “கொஞ்சம் காலை நகத்திக்குங்க, பெருக்கணும்” என்று அவள் சொன்னது கேட்டு, என்னைத்தான் சொல்கிறாள் என்று வந்து பார்த்தேன். கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் துடைப்பத்தோடு நின்றிருந்தாள்.

கேட்டம்மா மட்டும் வருவதை நிறுத்திவிட்டார். ஒரு நாள் பார்த்தோம், இரண்டு நாள் பார்த்தோம், அப்புறம் அத்தையால் இருக்க முடியவில்லை. விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனாள். கதவு திறந்தே கிடந்ததாம். வெளியே போகிற உடையில், செருப்பும் போட்டுக்கொண்டு, நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாராம். அடுப்பு பற்றவைத்த தடயமே இல்லை. “அவர் கெளம்பாம நான் எப்படி வேற வேலையைப் பாக்கறது?” என்று கேட்டாராம். அத்தை அவரைக் கட்டாயப்படுத்திக் கொஞ்சம் பால் குடிக்க வைத்துவிட்டு வந்து, என் முன்னால் நின்றாள்.

“என்னங்க, அந்த ரப்பரைக் கழட்டிடுங்க.”

“மாப்பிள்ளைக்கு என்ன பதில் சொல்றது?”

“ஒண்ணே ஒண்ணைக் கழட்டுங்க போதும். ஒரு ஆள் வெளிய போற அளவுக்கு.”

நான் இதை எழுதுவது வெட்கமாக இருக்கிறது. மைக்ரானைப் போய்ப் பார்த்தேன். ஒரு வால்வில் மட்டும் பழைய காய்ந்த சீலைத் திரும்பப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “புகை வர்ற மாதிரி ரிப்பேர் பண்ணச் சொல்லி இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல சார். என் பேரு என்னாவது?” என்றார். கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, “அதோட, நான் அந்த வண்டிகிட்ட வரமாட்டேன்” என்றும் சொன்னார். சரி, நானே கழற்றிவிடுவது என்று முடிவு செய்து, ஸ்பேனர்களைப் பரப்பிக்கொண்டு பானெட்டைத் தூக்கினேன். தட்டும் சத்தம் நின்றது. நான் குனிந்திருக்கும்போது எனக்குப் பின்னால், “வேண்டாம் சார்” என்று ஒரு குரல். பானெட்டில் தலையை இடித்துக்கொண்டேன். புடைத்ததற்கு இன்னும் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேட்டம்மா, கேட்டைத் தாண்டி உள்ளே வந்து நின்றிருந்தார். முதல்தடவையாக.

“கழட்டாதீங்க. உங்க வீட்டம்மா வந்துட்டுப் போனப்புறம் யோசிச்சேன். இத்தனை வருஷம் தெனமும் கையாட்டி அனுப்பினேனே, ஒரு நாள்கூட எங்கிட்டப் பேசிட்டுப் போனதில்ல. புகை கலைஞ்சுதா, போனாரா, அவ்வளவுதான். இப்பத்தான் போக வழியில்லாம உக்காந்திருக்கார். நான் கொஞ்சம் பேசணும்.”

கதவைத் திறந்துகொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். நானும் அத்தையும் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தோம். ஒட்டுக்கேட்பது தப்பு, கேட்கவும் இல்லை. வாய் அசைவது மட்டும் தெரிந்தது. ரொம்ப நேரம் பேசினார். ஒரு இடத்தில் கை நீட்டித் திட்டினார். ஒரு இடத்தில் சிரித்தார். அப்புறம் இறங்கி, அத்தையிடம் “கொஞ்சம் தண்ணி குடும்மா” என்று வாங்கிக் குடித்துவிட்டு, “வண்டில ஏறி உக்காந்ததே இல்ல தெரியுமா, டிரைவர் சீட்டுல. காலு எட்டாதுன்னு சொல்லிச் சொல்லியே விடலை. அதையும் இன்னிக்குக் கேட்டுட்டேன்” என்றார்.

“என்ன சொன்னாரு?” என்று அத்தை கேட்டாள். கேட்கிற கேள்வியா இது?

“அவர் எப்ப பதில் சொல்லியிருக்காரு?” என்றார் கேட்டம்மா.

அதிலிருந்து தினமும் காலையில் வருகிறார், உட்காருகிறார், பேசுகிறார், போகிறார். முகத்தில் களை வந்திருக்கிறது. அத்தையோடு உட்கார்ந்து சாப்பிடவும் செய்கிறார். தட்டும் சத்தம் நின்றுவிட்டது. கண்ணாடியில் ஆவி படிகிறது, ஆனால் இப்போது இரண்டு சீட்டுப் பக்கமும் படிகிறது. அதற்கு விளக்கம் இருக்கிறது. ஒரு பக்கத்துக்காவது இருக்கிறது. உங்கள் மனைவியும் பயம் தெளிந்து, வண்டியைத் துடைத்து மெழுகு போட்டு வைத்திருக்கிறாள்.

ஆகவே மாப்பிள்ளை, சாராம்சம் என்னவென்றால், சீல் முறைப்படி பொருத்தியாயிற்று, எஞ்சின் பட்டு மாதிரி ஓடுகிறது, வண்டி போர்ட்டிகோவை விட்டு ஓரடிகூட நகரவில்லை, நகரவும் விடமாட்டேன். நீங்கள் விட்டுப்போன இடத்தில் விட்டுப்போன மாதிரியே, கீறல் இல்லாமல், வந்து எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் அமைதி திரும்பிவிட்டது. நீங்கள் எதற்கும் கவலைப்படாமல் வேலையைப் பாருங்கள்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளவும். கப்பலில் லிஃப்ட் இருந்தால் கதவு முழுதாக மூடிய பிறகே பட்டனைத் தொடவும். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்ளச் சொல்கிறாள் அத்தை. நீடூழி நலமாக இருந்து, போன காரியம் முடித்து, போன மாதிரியே திரும்பிவர வேண்டும் என்று இருவரும் மனமார வாழ்த்துகிறோம். வாத்தியாரும் விசாரித்ததாக எழுதச் சொல்கிறாள் அத்தை. முடியாது என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும்
மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் வாசலில் எஞ்சின் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். போர்ட்டிகோ காலியாக இருக்கிறது. கேட்டம்மா டிரைவர் சீட்டில், சீட்டை நன்றாக முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்து, வண்டியைத் தெருவில் இறக்கிக்கொண்டிருந்தார். கியர் மாற்றியதில் ஒரு முனகல்கூட இல்லை. எங்களைப் பார்த்துக் கையாட்டினார். அத்தையும் பதிலுக்குக் கையாட்டினாள். நான் ஏன் ஆட்டினேன் என்று தெரியவில்லை. பக்கத்து சீட்டில் நெட்டையாக ஒருவர், தலை கூரையில் முட்ட, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக அத்தையும் மகளும் சத்தியம் செய்கிறார்கள். நான் கண்ணாடி போட்டிருக்கவில்லை. போட்டிருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன். புகை துளியும் வரவில்லை என்பதைத் தங்களுக்கு மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். போலீஸுக்குப் போகலாம் என்று சட்டையை மாட்டினேன். வண்டிச் சாவி சட்டைப்பையிலேயே இருக்கிறது. ஆகவே போகவில்லை. பொழுது சாய்கிறது. கேட்டைச் சாத்துவதா, திறந்தே வைப்பதா என்று அத்தை கேட்கிறாள். உடனே பதில் போடவும்.